சிறுமூளையின் முதற்பிளவு

சங்க இதழுக்குக் கட்டுரை கேட்ட ஆசிரியர், "விஞ்ஞானம் எழுதுங்கள், ஆனால் வரலாறு படிக்கும் நண்பர்களும் பாதியில் புரட்டிவிடாதபடி எழுதுங்கள்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். நான் இயற்பியல் மாணவன். எனினும் ஒன்றரை ஆண்டாக நான் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது நட்சத்திரங்களையுமன்று, அணுக்களையுமன்று. மனித மூளையின் பின்புறத்திலுள்ள ஒரு கோட்டை. காந்தப் படங்களில் அந்தக் கோட்டைக் கணிப்பொறி தானாகவே கண்டுகொள்ளும்படி செய்வதே என் எம்.எஸ்ஸி. ஆய்வுரைக்குரிய பொருள். அந்தக் கோட்டைப் பற்றியே எழுதுகிறேன். அதை எழுதுவதற்கு என் சொந்த வீட்டிலும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிடரிக்குச் சற்று மேலே, மண்டையோட்டின் அடித்தளக் குழியில், பெருமூளையின் கீழ் அடங்கிக் கிடப்பது சிறுமூளை. எடை சுமார் 150 கிராம். மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு என்க. அளவில் சிறிதென்று எண்ணி அதனைக் குறைவாக மதிப்பிட வேண்டா. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகவும், அவற்றுள் சுமார் 6,900 கோடி சிறுமூளையிலேயே இருப்பதாகவும் 2009இல் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டனர். இத்தனையும் அவ்வளவு சிறிய இடத்தில் எவ்வாறு அடங்கின? மடிப்பினால் அடங்கின. சிறுமூளையின் மேற்பரப்பு மெல்லிய மடிப்புகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. அம் மடிப்புகளையெல்லாம் விரித்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள நாடாவாகும் என்று 2020இல் மார்ட்டின் செரீனோவும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினர். அது பெருமூளைப் புறணியின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவு.

இந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் நம் விடுதிச் சமையலறையில் காலிபிளவரைத் தவிர வேறு காய் இராது என்பதை நண்பர்கள் அறிவர். அந்தச் சலிப்பூட்டும் காயையே இப்போது உதவிக்கு அழைக்கிறேன். ஒரு காலிபிளவரைத் தலையிலிருந்து தண்டு வரை சரிபாதியாக நறுக்கிப் பாருங்கள். நடுவில் வெண்மையான தண்டு, அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சிறு கிளைகள், ஓரத்தில் பூ. சிறுமூளையை இடம் வலமாகச் சரிபாதியாக வெட்டினாலும் இதுவே தோற்றம். உள்ளே வெண்பொருளால் ஆன மரம். அதன் கிளைகளைப் போர்த்திய சாம்பல் நிறப் புறணி. பழைய உடற்கூற்று அறிஞர்கள் இதற்கு 'உயிர் மரம்' என்று பொருள்படும் ஆர்பார் வைட்டே என்ற லத்தீன் பெயரைச் சூட்டினார்கள். காலிபிளவரில் இரண்டு கிளைகளுக்கு நடுவே விரல் நுழையும்படி இடைவெளி இருக்கிறதல்லவா? சிறுமூளையில் அத்தகைய இடைவெளிகளே பிளவுகள். அவற்றுள் மண்டைக்குள் இருக்கும் நீர் நிறைந்திருக்கும்.

கலைச்சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. ஆழமற்ற பள்ளத்திற்கு அவர்கள் வழங்கும் 'சல்கஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு உழவுச் சால் என்பதே பொருள். நம்மிடம் சால் என்ற சொல் இருக்கிறது. வயலில் இன்றும் வழங்குகிறது. ஆழமானதைப் பிளவு என்றும் ஆழம் குறைந்ததைச் சால் என்றும் நாம் கூசாமல் எழுதலாம். நான் அவ்வாறே எழுதுகிறேன்.

சிறுமூளையில் பிளவுகள் பல. அவற்றுள் பெரிய பெயர் பெற்றவை மூன்று. ஒன்று கிடைப்பிளவு. இது சிறுமூளையைச் சுற்றி ஓரத்தில் ஓடி, மேல் முகத்தையும் கீழ் முகத்தையும் பிரிக்கிறது. சிறுமூளையைக் கையில் எடுத்துப் பின்னாலிருந்து பார்ப்பவனுக்கு முதலில் கண்ணில் படுவது இதுதான். இரண்டாவது பின்பக்கப் பிளவு, அடியில் ஒளிந்திருப்பது, சமநிலைக்கும் கண்ணசைவுக்கும் உரிய ஒரு சிறு மடலைத் தனியே பிரிப்பது. மூன்றாவது நம் கதாநாயகனாகிய முதற்பிளவு. இது சிறுமூளையின் மேல் முகத்தில், நடுவிலிருந்து இரு பக்கமும் முன்னோக்கி விரிந்து செல்கிறது. இதற்கு முன்னே இருப்பது முன்மடல். பின்னே இருப்பது பின்மடல். 'டென்ட்டோரியம்' எனப்படும் சவ்வு, சிறுமூளையின் மேல் ஒரு கூடாரம்போல விரிக்கப்பட்டிருப்பதால், முதற்பிளவு பார்வைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இங்கேதான் வேடிக்கை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் கிடைப்பிளவு எந்த மடலையும் பிரிக்கவில்லை. அதன் மேலும் கீழும் இருப்பது ஒரே பின்மடல்தான். டச்சு அறிஞர் லூயி போல்க் 1906இல் பெயரிட்ட 'முதல் கால்', 'இரண்டாம் கால்' என்னும் இரு பகுதிகளுக்கு இடையில் ஓடுவதோடு அதன் வேலை முடிந்தது. கூடாரத்தின் கீழ் மறைந்து கிடக்கும் முதற்பிளவோ உண்மையான எல்லை. பறவையிலும் எலியிலும் பூனையிலும் மனிதனிலும் அதை அடையாளம் காணலாம். கருவில் முதலில் தோன்றுவது பின்பக்கப் பிளவு. அதனையடுத்து நான்காம் மாத வாக்கில் முதற்பிளவு. கிடைப்பிளவு அதற்கும் பின்னரே ஆழம் பெறுகிறது. ஓலாஃப் லார்செல் என்பவர் இப்படி உயிரினங்களையும் கருக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தே, 1950களின் தொடக்கத்தில் சிறுமூளையின் நுண்மடல்களுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்தார். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் இருப்பது முதற்பிளவு. அதற்கு முன்பு வழங்கிய பெயர்கள் நாக்கு, சிகரம், சரிவு, இலை, கூம்பு, உள்நாக்கு என்று ஒரு காட்சிசாலையையே நினைவூட்டும். மனப்பாடம் செய்ய வேண்டிய மருத்துவ மாணவர்களுக்கு லார்செல் செய்தது பேருதவி என்றே நான் கருதுகிறேன்.

இனிப் படம் எடுக்கும் வகைக்கு வருவோம். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையை எக்ஸ் கதிர்களால் வெட்டுமுகமாகக் காட்டியபோது மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் சிறுமூளைக்கு அந்த வியப்பில் பங்கு குறைவாகவே கிடைத்தது. காதுகளை அடுத்துள்ள எலும்பு மிகவும் கெட்டியானது. அதனூடே செல்லும் கதிர்கள் பெரிதும் மட்டுப்பட்டுவிடுவதால், இரண்டு காது எலும்புகளுக்கும் நடுவே படத்தில் கறுப்புக் கீற்றுகள் விழுகின்றன. சிறுமூளையும் மூளைத்தண்டும் இருக்கும் இடம் அதற்கு அருகிலேயே. அந்தக் கீற்றுகளின் ஊடே மெல்லிய பிளவுகளைத் தேடுவது மழையில் நனைந்த செய்தித்தாளைப் படிப்பது போல்தான்.

காந்த அதிர்வு முறைக்கு இத் தொல்லை இல்லை. 1973இல் லாட்டர்பர் இம் முறையால் முதற் படத்தை வெளியிட்டார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா காந்தத்தில் ஒருவரைப் படுக்க வைக்கிறோம். பூமியின் காந்தப் புலத்தைப்போல் அது ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. அந்நிலையில் அக்கருக்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை பம்பரம்போலத் தலையசைத்துச் சுழல்கின்றன. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை ஆற்றலை ஏற்கின்றன. நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும் வேகம் கொழுப்புறை போர்த்திய வெண்பொருளில் ஒன்று, சாம்பல் பொருளில் ஒன்று, வெறும் நீரில் ஒன்று. இந்த வேற்றுமைதான் படமாகிறது. டி-ஒன் என்னும் வகைப் படத்தில் வெண்பொருள் வெளுப்பாகவும், புறணி சாம்பலாகவும், பிளவிலுள்ள நீர் கறுப்பாகவும் தெரியும். டி-டூ வகையில் நீர் பளிச்சென்று வெண்மையாகும். ஆகவே பிளவைக் காண்பதென்றால் உண்மையில் நாம் காண்பது அதிலுள்ள நீரைத்தான். எலும்பு இங்கே தடையாக நிற்பதில்லை, கதிர்வீச்சுமில்லை.

ஆயினும் ஒரு குறை உண்டு. சிறுமூளைப் புறணியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நாம் சாதாரணமாக எடுக்கும் நல்ல படத்தின் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரே கட்டத்தில் புறணியும் நீரும் வெண்பொருளும் கலந்து விழுந்தால் கிடைப்பது மூன்றும் சேர்ந்த மங்கல் நிறம்தான். ஆகையால் சிறு சால்கள் ஒன்றாய்க் குழம்பிப்போகும். ஆழமான பிளவுகளே தப்பிப் பிழைக்கும். செரீனோ குழுவினர் 9.4 டெஸ்லா காந்தத்தில், உயிர் நீங்கிய சிறுமூளையை வைத்து நெடுநேரம் படமெடுத்ததால்தான் எல்லா மடிப்புகளையும் அவர்களால் விரிக்க முடிந்தது. உயிருள்ளவரை அவ்வளவு நேரம் அசையாமல் படுக்க வைக்க இயலாது.

முதற்பிளவைப் படத்தில் கண்டுபிடிக்கும் வழியை நான் பட்டு அறிந்தேன். முதல் மாதத்தில் என்னிடம் பதினாறு படங்களைக் கொடுத்து, கோட்டை வரைந்து வா என்றார் என் ஆசிரியர். நான் ஓரப் படங்களிலிருந்து தொடங்கினேன். அங்கே அழகாக, ஆழமாக ஒரு பிளவு தெரிந்தது. பதினாறிலும் அதையே வரைந்து, இரண்டு வார உழைப்பைப் பெருமையோடு கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மிக நேர்த்தியான கிடைப்பிளவு" என்றார். பதினாறும் தவறு!

சரியான வழி இது. முதலில் சரிநடுப் படத்திற்குச் செல்லவேண்டும். சிறுமூளைக்கு முன்னால் மூளைத்தண்டு. இரண்டுக்கும் நடுவே நீர் நிறைந்த நான்காம் அறை. அவ்வறையின் பின்சுவர் சிறுமூளைக்குள் ஒரு கூரையின் முகடுபோலக் குத்திச் செல்லும். அந்த முகட்டைக் கண்டுகொண்டு, மேல் முகத்திலிருந்து உள்நோக்கி வெண்மரத்தின் அடிவரை இறங்கும் பிளவுகளில் மிக ஆழமானது எது என்று பார்க்க வேண்டும். அது மரத்தின் முன் கிளைகளைப் பின் கிளைகளிலிருந்து பிரிக்கும். அதுவே முதற்பிளவு. அதைப் பிடித்த கையை விடாமல், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு, ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக ஓரத்துக்கு நகரவேண்டும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருபவன் என்னைப்போல் ஏமாறுவான்.

இந்தக் கோட்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். இங்கே என் சித்தப்பாவின் கதை வருகிறது. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தஞ்சை மாவட்டத்திலிருந்து இந்நகருக்கு வந்து, ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். நான் இங்கே படிக்க வந்த முதல் ஆண்டு அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவர் முன்பு கடுமையாகக் குடித்தவர். அதை அவரே மறைப்பதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் விட்டார். ஆனால் அவருடைய நடை மட்டும் குடிகாரன் நடையாகவே இருந்தது. கால்களை அகட்டி வைப்பார். திரும்பும்போது சுவரைத் தொடுவார். படியிறங்க ஒருவர் தோளைத் தேடுவார். தெருவில் எங்கள் ஊர்க்காரர்களே, "இன்னிக்கும் போட்டுட்டு வர்றாருபோல" என்று அவர் காதுபடவே பேசினார்கள். ஒரு பொங்கல் விழாவில் வாசலில் நின்ற இளைஞர் ஒருவர், "பெரியவரே, தெளிஞ்சதும் வாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார். அதைவிடக் கொடுமை ஒன்றை நான் செய்தேன். ஒருநாள் அவர் தண்ணீர் குடித்து வைத்த தம்ளரை, அவர் அறைக்குள் போனதும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டார். "நானும் முதல் வருஷம் அப்படித்தான் பார்த்தேன்டா. ஒண்ணும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சென்ற கார்த்திகையில் அவர் தவறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்போது அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், கையோடு காலையும் சோதித்தார். ஒரு குதிகாலை மறு காலின் முழங்காலில் வைத்து, முழந்தாள் எலும்பின் வழியே நேராகக் கீழே இழுக்கச் சொன்னார். குதிகால் இப்புறமும் அப்புறமும் தடுமாறி வழுகியது. ஆனால் நல்ல கையின் விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது ஏறக்குறையச் சரியாகவே தொட்டார். பேச்சிலும் குழறல் இல்லை. கால்கள் கெட்டு, கையும் பேச்சும் பெரிதும் தப்பியிருக்கின்றன என்பதைக் கண்டதுமே மருத்துவர் சிறுமூளையின் இன்ன இடம் என்று ஊகித்துவிட்டார். பிறகுதான் காந்தப் படம்.

அந்த ஊகம் எவ்வாறு கூடிற்று? முதல் உலகப் போரில் தலையில் குண்டு பாய்ந்த வீரர்களைச் சோதித்து, சிறுமூளை கெட்டால் அசைவு எவ்வாறு கெடும் என்று கார்டன் ஹோம்ஸ் 1917இல் விரிவாக எழுதினார். 1940களில் ஏட்ரியன் முதலியோர் விலங்குகளின் சிறுமூளையில் மின்முனைகளை வைத்து, உடலின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் செய்தி வந்து சேரும் இடத்தைக் குறித்தனர். முன்மடலில் முன்புறம் காலுக்கு. பின்னே வர வர, முதற்பிளவை நெருங்கும் இடத்தில் கைக்கு. பிளவைத் தாண்டியதும் முகத்துக்கு. மனிதரிலும் வரிசை இதுவே என்று பின்னாளைய காந்தப் படங்கள் காட்டின. 1959இல் விக்டர், ஆடம்ஸ், மன்கால் என்னும் மூவர், நெடுங்காலம் குடித்தவர்களிடம் சிறுமூளையின் முன்மடலும் நடுப்பகுதியின் மேற்புறமுமே தேர்ந்தெடுத்தாற்போல் தேய்கின்றன என்று நிறுவினர். அழிபவற்றுள் முதன்மையானவை 1837இல் புர்க்கின்யே கண்ட பெரிய நரம்பணுக்கள். மது நேரே செய்யும் தீங்கு பாதி, குடிப்பவர் உண்ணாமல் விடுவதால் வரும் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவு பாதி என்று பொதுவாகச் சொல்லலாம். பங்கு பிரிப்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

படத்தை மருத்துவமனை வராந்தாவில் நின்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். பதினாறு படங்களில் நான் தவறவிட்ட முதற்பிளவு, இங்கே தேடவே வேண்டியிராதபடி, கறுத்து அகன்று கிடந்தது. அதற்கு முன்னாலிருந்த மடிப்புகள் ஒவ்வொன்றும் விலகி, வாடிய பூவின் காம்புகள்போல் தனித்தனியே நின்றன. பிளவுக்குப் பின்னாலோ, அவர் வயதுக்கு ஏற்ற நெருக்கம். கோட்டின் இப்பக்கம் ஒரு நிலம், அப்பக்கம் ஒரு நிலம். பிளவு அகலமாயிற்று என்று சொல்கிறோமே தவிர, பிளவு வளர்வதில்லை. இரு கரைகளும் கரைந்துபோவதால் நடுவிலுள்ள நீர் அகன்று தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். படத்தை மட்டும் கொண்டு யாரையும் குடிகாரர் என்று முடிவு கட்டக் கூடாது. முதுமையில் எல்லோர்க்கும் பிளவுகள் சற்றே அகலும். வலிப்புக்குப் பல்லாண்டு உண்ணும் சில மருந்துகளாலும் சிறுமூளை சுருங்கும். பரம்பரை நோய்கள் சிலவற்றில் மூளைத்தண்டும் சேர்ந்து மெலியும். எந்தப் பிளவு, எவ்வளவு, எதனோடு சேர்ந்து என்பதைப் பார்த்த பிறகே மருத்துவர் பேசுவார். இன்னொன்று: பிளவை வேலிபோல எண்ணி, இப்பக்கம் ஒரு வேலை அப்பக்கம் ஒரு வேலை என்று பிரிப்பதும் சரியன்று. மேத்வ் கிங், டீட்ரிக்சன் முதலியோர் 2019இல் பலவகைச் செயல்களின்போது சிறுமூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், செயல்களின் எல்லையும் மடல்களின் எல்லையும் பொதுவாக ஒத்துப்போகவில்லை. கைக்குரிய இடமே முதற்பிளவின் இரு கரையிலும் பரவிக் கிடக்கிறது. நிலத்தை அளப்பவனுக்கு முதற்பிளவு ஒரு நல்ல எல்லைக்கல்; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. என் ஆய்வுரையில் இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

மருத்துவர் விளக்கி முடித்ததும் சித்தப்பா கேட்ட கேள்வி ஒன்றே. "இது மூடிக்குமா, டாக்டர்?" மூடாது என்றார் மருத்துவர். போன அணுக்கள் போனவையே. ஆனால் ஆறு ஆண்டு குடியாமல் இருந்ததால்தான் இவ்வளவோடு நின்றது. தொடர்ந்து இருந்தால் மோசமாகாது. பயிற்சியினால் நடை ஓரளவு தேறவும் கூடும் என்றார். தயமின் மாத்திரையும், தடியும், காலை மாலை நடைப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை சித்தப்பா பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்போ நான் நிறுத்தினது இதுல தெரியுதுங்கறே?" என்று என்னைக் கேட்டார். படத்தில் அது தெரியாது. தெரிவது குடித்தது மட்டுமே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சித்திக்குத் தெரியுமே, சித்தப்பா" என்றேன்.

படம் இப்போது அவர் வீட்டு நாட்காட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பேச்சு நடையின் பக்கம் திரும்பினால் போதும், வந்தவர் யாராயினும் அதை எடுத்துச் சன்னலுக்கு எதிரே பிடித்து, "இங்கே பாருங்கள், இதுதான் முதற்பிளவு" என்று விரல் வைத்துக் காட்டுகிறார். அவர் காட்டுவது கிடைப்பிளவு. நானும் இரண்டு முறை திருத்திவிட்டேன்.